நியமனக் கடிதத்தோடு வராத பாடம்

எங்கட பச்சில் ஒரு பிள்ளை, முதலாம் வருடம் தொடங்கி மூன்றாம் மாதத்தோடு கம்பஸை விட்டுப் போனாள். மலையகத்திலிருந்து வந்தவள். அவளின் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நிதியுதவிக் காசு இன்னும் கைக்கு வரவில்லை. இரவு பதினொரு மணிக்குப் பிறகு சீனியர்மாரின் போன் வரும். எடுக்காவிட்டால் அடுத்த நாள் கன்டீனுக்குப் போக ஏலாது. சாப்பாடு குறைந்தது, நித்திரை குறைந்தது, பிறகு லெக்சருக்கு வருவதும் குறைந்தது.

ஒருநாள் நான்தான் அவளை இழுத்துக்கொண்டு மாணவ ஆலோசகரிடம் போனேன். நல்ல மனிசன். எங்களை இருக்கச் சொன்னார், தண்ணி தந்தார். அவள் பாதி சொல்லி நிறுத்தியபோது, அவர் சொன்னது எனக்கு இப்பவும் அப்பிடியே ஞாபகம்.

“பிள்ளையள், நான் போன கிழமைதான் இந்தப் பொறுப்பை எடுத்தனான். இதை ஆரிட்ட அனுப்புறதெண்டு எனக்கும் வடிவாத் தெரியாது. ஒரு கடிதம் எழுதித் தாங்கோ, பாப்பம்.”

அவள் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள். “பேர் போட வேணுமா சேர்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “பேர் போடாட்டில் என்னெண்டு விசாரிக்கிறது?”

அவ்வளவுதான். அவள் கடிதம் எழுதவில்லை. இரண்டு கிழமை கழித்து பாக்கைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த சேர் என்னை வழியில் கண்டு, “அந்தப் பிள்ளை பிறகு வரேல்லையே?” என்று கேட்டார். விசயத்தைச் சொன்னேன். அவரின் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தேன். அவருக்கு அக்கறை இருந்தது, அடுத்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அதை அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த சேரைக் குறை சொல்வதற்கு அல்ல. அவரை அந்தக் கதிரையில் இருத்திவிட்டு, ஒரு பாடமும் சொல்லிக் கொடுக்காமல் போனவர்களைப் பற்றியது.

எங்கட அரச பல்கலைக்கழகங்களில் ஒரு விசயத்தைக் கவனித்திருப்பீர்கள். புதிதாக வரும் ஒரு விரிவுரையாளர், பதவியில் உறுதிப்படுத்தப்படுவதற்கு முன்பு, கற்பித்தல் பற்றிய ஒரு பயிற்சிநெறியை முடிக்க வேண்டும். பாடத்தை எப்படித் திட்டமிடுவது, வினாத்தாளை எப்படித் தயாரிப்பது, வகுப்பை எப்படி நடத்துவது என்று பணியாளர் அபிவிருத்தி நிலையங்கள் மாதக்கணக்கில் சொல்லிக் கொடுக்கின்றன. நல்ல விசயம். ஐம்பது பேருக்கு முன்னால் நின்று பாடம் எடுக்கவே பயிற்சி தேவை என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அதே விரிவுரையாளரை, சில வருடம் கழித்து, ஆயிரக்கணக்கான மாணவர்களின் பொறுப்பாளராக ஆக்கும்போது என்ன கொடுக்கிறோம்? ஒரு நியமனக் கடிதம். ஒரு அறைத் திறப்பு. முந்தியவர் விட்டுப்போன ஒரு அலுமாரி ஃபைல். அடுத்த நாளிலிருந்து நடுச்சாமத்தில் அடிக்கும் போன். சிரேஷ்ட மாணவ ஆலோசகர், மாணவர் நலப் பொறுப்பாளர், விடுதிக் காப்பாளர் என்று பெயர் இடத்துக்கு இடம் மாறும். பெரும்பாலும் கதை ஒன்றுதான். தன் லெக்சரையும் ஆராய்ச்சியையும் வைத்துக்கொண்டு, மேலதிகமாகச் சில வருடங்களுக்கு இந்தப் பொறுப்பைச் சுமப்பார். ஒருமாதிரி வேலை பிடிபடும் நேரத்தில் காலம் முடியும். அடுத்தவர் திரும்பவும் சுழியத்திலிருந்து தொடங்குவார்.

‘மாணவ ஆலோசகர்’ என்ற சொல்லே எங்களை ஏமாற்றுகிறது. அதைக் கேட்கும் முதலாம் வருடப் பிள்ளை, உளவளத்துணை படித்த ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கதவைத் தட்டுகிறது. உள்ளே இருப்பவர் பௌதிகமோ, கணக்கியலோ, வரலாறோ படிப்பிக்கிறவர். அவருக்கு அந்தப் பிள்ளையின் அழுகையை என்ன செய்வதென்று தெரியாது. கையில் இருப்பது ஒரு அறிவுரை மட்டும்: “யோசிக்காதேங்கோ, படிப்பில கவனத்தை வையுங்கோ.” இரண்டு பேருமே ஏமாந்து போகிறார்கள்.

இது ஏதோ சின்னக் குறைபாடு மாதிரித் தெரியலாம். ஆனால் எங்கட பல்கலைக்கழக வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். 1975இல் பேராதனையில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி, பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக விடுதியின் மேல்மாடியிலிருந்து குதித்தார். இடுப்புக்குக் கீழ் இயங்காமல் வாழ்ந்து, 2002இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1997இல் அதே பேராதனையில் பொறியியல் படிக்கப் போன தமிழ் மாணவன் வரப்பிரகாஷ், பகிடிவதையில் செய்விக்கப்பட்ட கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரையும், அதன்போது பாலியல் துன்புறுத்தலோ கடும் காயமோ ஏற்பட்டால் பத்து வருடம் வரையும் சிறை என்று அது சொல்கிறது. சட்டம் வந்து நாலு வருடத்தில், 2002இல், ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் பகிடிவதையை எதிர்த்த சமந்த விதானகே என்ற மாணவர் அடித்துக் கொல்லப்பட்டார்.

சட்டம் இல்லாமல் இல்லை, சுற்றறிக்கைகளும் முறைப்பாட்டு வழிகளும் இருக்கின்றன. ஆனால் சட்டம் தானாக நடந்து ஒரு பிள்ளையிடம் வராது. சட்டத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் முதல் பத்து நிமிசத்தில் என்ன சொல்கிறார் என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. என்ர சிநேகிதிக்கு அந்தப் பத்து நிமிசத்தில்தான் எல்லாம் முடிந்தது.

பகிடிவதை மட்டும்தான் பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். 2016 யூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் நடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனத்தையும் சேர்ப்பதா என்பதில் தொடங்கிய முரண்பாடு, தமிழ் - சிங்கள மாணவர் மோதலாக மாறியது. மாணவர்கள் காயப்பட்டார்கள், சிங்கள மாணவர்கள் ஊர்களுக்குத் திரும்பினார்கள், வளாகம் மூடப்பட்டது. 2021 ஜனவரியில் அதே வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். சில நாட்களில் மீளக் கட்டுவதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இந்த இரண்டையும் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கும். நான் கேட்பது வேறு. இப்படியான ஒரு இரவில் மாணவர் விவகாரங்களுக்குப் பொறுப்பாக இருப்பவர் எங்கே நிற்க வேண்டும்? வாசலில் பொலிஸ், உள்ளே கோபத்தோடு பிள்ளைகள், மேலிருந்து போன் அழைப்புகள், ஊரிலிருந்து பயந்துபோன பெற்றோர். யாரோடு முதலில் கதைக்க வேண்டும், எந்த மொழியில் கதைக்க வேண்டும், எதை வாக்குக் கொடுக்கக் கூடாது? எந்த இயற்கைத் திறமையும் இதற்குப் போதாது. இதைப் படிக்க வேண்டும், ஒத்திகை பார்க்க வேண்டும், முந்தி இதற்குள்ளால் போனவர்களிடம் கேட்க வேண்டும்.

வேறு நாடுகளில் இதை ஒரு தொழிலாகவே வளர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1919இல் மடிசன் நகரத்தில் சில ஆண் மாணவர் டீன்மார் ஒரு சின்னக் கூட்டமாகக் கூடி, தங்கள் வேலையைப் பற்றித் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு நாஸ்பா என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது. 1937இல் வந்த ஒரு அறிக்கை, மாணவரை வெறும் மூளையாகப் பார்க்காமல் முழு மனிதராகப் பார்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமை என்று எழுதிவைத்தது. இன்றைக்கு அங்கே இந்தத் துறையில் முதுமாணிப் பட்டம் இருக்கிறது, தேவையான திறன்களைப் பத்துப் பிரிவாக வகுத்த பட்டியல் இருக்கிறது. புதிதாகத் தலைமைப் பதவிக்கு வருபவர்களுக்கென்றே தனிப் பயிலரங்குகளும் இருக்கின்றன.

அதை அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்கச் சொல்லவில்லை. அங்கே மாணவர் கட்டும் கட்டணம் வேறு, நிர்வாகிகளின் தொகை ஊதிப்போனது என்ற குறை அங்கேயே இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தத் தொடக்கம்தான். ஒரே வேலையைச் செய்யும் கொஞ்சப் பேர் ஒரு இடத்தில் கூடி, “இப்பிடியொரு பிரச்சினை வந்தது, நீங்கள் என்ன செய்தனீங்கள்?” என்று ஒருவரையொருவர் கேட்டது. அதற்குப் பெரிய காசு தேவையில்லை.

அப்படியென்றால் எங்கட புதிய மாணவர் விவகாரத் தலைவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? ஒரு மாணவியாக, மேசையின் இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, கேட்கத் தெரிய வேண்டும். “பேர் போட வேணுமா?” என்ற கேள்விக்குச் சரியான பதில் தெரிய வேண்டும். பேர் போடாமலே இப்போதைக்கு என்னென்ன செய்யலாம், பேர் போட்டால் அதை ஆர் ஆர் பார்ப்பினம், நீ முடிவெடுக்கும் வரைக்கும் இன்றைக்கு இரவு எங்கே பாதுகாப்பாக இருக்கலாம் என்று மூன்று விசயம் சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள் என்று நான் நம்புகிறேன். இரகசியம் எதுவரைக்கும் என்பதும் தெரிய வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் அந்த இடத்தில் இரகசியம் முடியும், அதையும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். தன்னால் ஏலாததை ஏலாது என்று ஒத்துக்கொண்டு, மனநல மருத்துவரிடமோ உளவளத்துணையாளரிடமோ கையைப் பிடித்து ஒப்படைக்கத் தெரிய வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் அந்த அறைச் சுவரிலாவது ஒட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது, விசாரணை என்றால் என்ன என்று தெரிய வேண்டும். குற்றம் சொல்பவரும் மாணவர், குற்றம் சாட்டப்பட்டவரும் மாணவர். இரண்டு பக்கத்தையும் கேட்காமல், எழுத்தில் அறிவிக்காமல், கோபத்தில் கொடுக்கும் தண்டனை நீதிமன்றத்துக்குப் போனால் நிற்காமல் போகலாம். அப்படிப் போனால் முறைப்பாடு செய்த பிள்ளைக்கு இரண்டாவது தரமும் அநியாயம் நடக்கும். மற்றப் பக்கம், ‘பிள்ளையின்ர எதிர்காலம்’ என்று சொல்லி எல்லாவற்றையும் அறைக்குள் சமாதானம் செய்துவிடுவதும் ஒரு பழக்கம். ஆரின்ர எதிர்காலம் என்று யாராவது கேட்க வேண்டும்.

மூன்றாவது, காசு. மகாபொல 1981இல் தொடங்கியது. மாதம் 5,000 ரூபாவாக இருந்த தொகையை 7,500 ஆக்குவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். நல்லது. ஆனால் அந்தக் காசு பிந்தும் மாதங்களில் ஒரு பிள்ளை என்ன சாப்பிடுகிறது? 2022 நெருக்கடிக்குப் பிறகு ஒரு சோற்றுப் பார்சலின் விலை என்ன என்று எல்லாருக்கும் தெரியும். பசி ஒரு முறைப்பாடாக எழுதி வராது. லெக்சருக்கு வராத நாட்களாக வரும், பரீட்சையில் குறைந்த புள்ளியாக வரும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தான் மாணவர் நலம் பார்க்கிறவர்.

நாலாவது, மொழியும் ஊரும். இன்றைக்கு யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு என்று எங்கட பக்கப் பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். பேராதனையிலும் மொறட்டுவையிலும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் படிக்கிறார்கள். தன் மொழியில் அழ முடியாத பிள்ளை அழாமலே போய்விடும். யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே கதைத்தாலும், மலையகப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பும் பகிடிவதைதான் என்று விளங்க, ஒரு பயிற்சி வேணும் போலிருக்கிறது. எங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஐந்தாவது, மாணவர் ஒன்றியத்தோடு எப்படி வேலை செய்வது என்பது. ஒன்றியத்தை எதிரியாகப் பார்ப்பவரும் இருக்கிறார், அதற்குப் பயந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவரும் இருக்கிறார். இரண்டிலும் பாதிக்கப்படுவது ஒன்றியத்துக்கு வெளியே நிற்கும் சாதாரண பிள்ளைதான்.

இதையெல்லாம் சொன்னால் மூன்று பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

முதல் பதில்: “அனுபவம் வந்தால் எல்லாம் சரியாகும்.” வரும்தான். ஆனால் ஆரின் செலவில்? அந்த சேருக்கு இப்போது அனுபவம் வந்திருக்கும். அதற்கான கட்டணத்தை என்ர சிநேகிதி கட்டினாள்.

இரண்டாவது: “காசில்லை.” பயிற்சி என்றவுடன் எங்கட ஆட்களுக்கு ஞாபகம் வருவது ஹோட்டல் மண்டபம், பவர்பொயின்ட், பத்து மணித் தேத்தண்ணி, பின்னேரம் சான்றிதழோடு ஒரு குரூப் போட்டோ. அதற்குக் காசு வேணும்தான், அதால் பிரயோசனமும் இல்லை. நான் கேட்பது வேறு. பழையவரும் புதியவரும் ஒரு இரண்டு மாதமாவது சேர்ந்து வேலை செய்யட்டும். பெயர்கள் இல்லாமல், நடந்த சம்பவங்களும் எடுத்த முடிவுகளும் அதில் விட்ட பிழைகளும் எழுதிய ஒரு கொப்பி கைமாறட்டும். வேறொரு பல்கலைக்கழகத்தில் இதே வேலையை நல்லாகச் செய்த ஒருவர் முதல் ஒரு வருடத்துக்குப் போனில் வழிகாட்டட்டும். புதிதாகப் பொறுப்பெடுத்தவர்கள் மாதம் ஒருக்கா கூடித் தங்கட சிக்கல்களைக் கதைக்கட்டும். பொறுப்பெடுத்தவரின் லெக்சர் நேரத்தைக் குறைக்கட்டும், பதவி உயர்வில் இந்த வேலைக்கும் பெறுமதி கொடுக்கட்டும். கடைசி இரண்டையும் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும், கெட்டிக்காரர்கள் இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கத்தான் பார்ப்பார்கள். அவர்களையும் குறை சொல்ல ஏலாது.

மூன்றாவது பதில் எங்கட பக்கத்திலிருந்தே வரும். “உவைக்குப் பயிற்சி குடுத்தால் இன்னும் நல்லா எங்களை அடக்கப் பழகுவினம்.” இந்தப் பயம் நியாயமானது. மாணவர் விவகாரம் என்றால் மாணவரைக் கட்டுப்படுத்துவது என்று நினைக்கும் நிர்வாகங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால்தான் பயிற்சி நடக்கும் அறையில் மாணவர்களும் இருக்க வேண்டும் என்கிறேன். ஒன்றியத் தலைவர்கள் மட்டும் போதாது. முதலாம் வருடப் பிள்ளை, விடுதியில் இருப்பவர், வெளியில் அறை எடுத்து இருப்பவர், மாற்றுத்திறனாளி மாணவர், படிப்பை இடையில் விட்டுப் போனவர். கடைசியாகச் சொன்னவரை முதலில் கூப்பிட வேண்டும். போனவர்களிடம் ஏன் போனீர்கள் என்று எங்கட பல்கலைக்கழகங்கள் கேட்பது மிகக் குறைவு.

பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். பகிடிவதை செய்பவர்கள் நாங்கள்தான், மாணவர்கள்தான். இரவு பதினொரு மணிக்குப் போன் எடுத்தது விரிவுரையாளர்கள் இல்லை. அந்தப் பொறுப்பை வேறு யாரிடமும் தள்ள ஏலாது. ஆனால் ஒரு பிள்ளை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு ஒரு கதவைத் தட்டும்போது, உள்ளே இருப்பவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசை இல்லை.

போன வருடம் அவளோடு கதைத்தேன். தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். கம்பஸ் பற்றிக் கேட்டாள், பச் ஆட்களைப் பற்றிக் கேட்டாள். பிறகு, “அந்த சேர் இன்னும் அங்க இருக்காரா?” என்று கேட்டாள். இல்லை, அவரின் காலம் முடிஞ்சுது என்றேன்.

“அப்ப இப்ப யாரு?”

“புதுசா ஒரு மிஸ். போன மாதம்தான் எடுத்தவ.”

நீங்கள் இப்போது கம்பஸில் படிப்பவர் என்றால், உங்கட மாணவ ஆலோசகரிடம் அல்லது உங்கட ஒன்றியத்திடம் ஒருக்கா கேட்டுப் பாருங்கள்: இந்தப் பொறுப்பை எடுக்கும்போது அவருக்கு யார், என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? சண்டைக்குப் போகிற மாதிரிக் கேட்க வேண்டாம். அந்த மிஸ்ஸும் அதே கேள்வியோடு தனியாக இருக்கக்கூடும்.